கேள்வித்தாளை எழுதுவது யார்? பிலிப்பைன்ஸ் வைத்தியர்களும் அனுமதிப் பரீட்சைகளும்

மூளைசாலிகளின் வெளியேற்றம் என்பது எங்கள் கூட்டங்களிலும் சஞ்சிகைகளிலும் அடிக்கடி அடிபடும் ஒரு சொற்றொடர். பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடுவது போல, வறிய நாடுகளின் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் செல்வந்த நாடுகளை நோக்கித் தாமாகவே ஓடிவிடுகிறார்கள் என்ற தோற்றத்தை இது தருகிறது. கூடவே ஓடியவர் மீது ஒரு பழியையும் சுமத்திவிடுகிறது: படிப்பித்த நாட்டைக் கைவிட்டவர் என்று. ஆனால் தண்ணீர் ஓடுவதற்கும் வாய்க்கால் வேண்டும் என்பது தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளான எங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். வாய்க்காலை வெட்டியவர் யார், யாருடைய தோட்டத்துக்காக வெட்டினார், எப்போது திறந்தார், எப்போது அடைத்தார் என்ற கேள்விகளைத் தவிர்த்துவிட்டு இந்த வெளியேற்றத்தின் வரலாற்றை எழுத முடியாது.

இதை ஆராய்வதற்குப் பிலிப்பைன்ஸை விடப் பொருத்தமான நாடு குறைவு. 1970களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வொன்று, பிற நாடுகளில் வேலை செய்யும் வைத்தியர்களின் தொகை குறைந்தது 140,000 என்று கணக்கிட்டது. அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் நின்றவை இந்தியாவும் பிலிப்பைன்ஸும். சனத்தொகையில் அன்றைய இந்தியாவின் பதினைந்தில் ஒரு பங்கே கொண்ட தீவுக்கூட்டம் ஒன்று இந்த வரிசையில் எப்படி வந்து சேர்ந்தது? பிலிப்பினோக்கள் இயல்பாகவே பராமரிப்புக் குணம் கொண்டவர்கள், ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்கள் என்பது வைத்தியசாலை நிர்வாகிகள் வழமையாகத் தரும் விளக்கம். தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெண்ணின் விரல்கள் பொருத்தமானவை என்று துரைமார் சொன்ன விளக்கத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஸ்பானியர் காலத்திலிருந்து தொடங்குவோம். மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தை டொமினிக்கன் துறவிகள் 1611இல் நிறுவினார்கள். அங்கு வைத்தியமும் மருந்தியலும் கற்பிக்கும் பீடம் 1871இல்தான் வந்தது. இடைப்பட்ட இருநூற்று அறுபது ஆண்டுகளில் இறையியலும் சட்டமும் படிப்பிக்க முடிந்தவர்களுக்கு, நோய் தீர்க்கும் கல்வி அவசரமானதாகத் தெரியவில்லை. கிராமத்து மக்களைப் பார்த்தவர்கள் நாட்டு வைத்தியர்களும் மருத்துவச்சிகளும்தான். ஸ்பானியர் அவர்களை 'மெடிக்கீயோ' என்றார்கள். 'சின்ன வைத்தியன்' என்ற ஏளனம் அதிலே உண்டு.

அந்தப் பீடத்தின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் தேசபிதாவாகப் போற்றப்பட்ட ஹொசே றிசால். மணிலாவில் தொடங்கிய படிப்பை விட்டு 1882இல் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். மட்றிட் மத்திய பல்கலைக்கழகத்தில் 1884இல் வைத்தியம் செய்வதற்கான தகுதியைப் பெற்றார். கலாநிதிப் பட்டத்தை எடுக்கவில்லை. பின்னர் பாரிசிலும் ஹைடல்பேர்க்கிலும் கண் வைத்தியம் பழகினார். 1891இல் அவர் வெளியிட்ட 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' நாவலில் பசிலியோ என்ற மருத்துவ மாணவன் ஒரு முக்கிய பாத்திரம். அதே நாவலில் பௌதிகவியல் வகுப்பொன்றும் வருகிறது. கருவிகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் விருந்தினர் பார்ப்பதற்காகப் பூட்டிக் கிடக்கின்றன. மாணவர்கள் பாடப்புத்தகத்தை மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். றிசாலின் சொந்த அனுபவம் எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது பற்றி அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குடியேற்ற நாட்டிலே பட்டம் கிடைக்கும், ஆனால் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வேண்டுமானால் எசமானனின் நாட்டுக்குப் போய் அங்குள்ள பரீட்சை மேசையில் உட்கார வேண்டும் என்ற ஒழுங்கு அன்றே உருவாகிவிட்டது. றிசால் திரும்பி வந்தார். நாடுகடத்தப்பட்டு மின்டனாவோவின் தப்பித்தானில் இருந்த நான்கு ஆண்டுகளிலும் கண் வைத்தியம் செய்தார். 1896 டிசெம்பர் 30இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1898இல் ஸ்பெயின் இந்நாட்டை 2 கோடி டொலருக்கு அமெரிக்காவிடம் கையளித்தது. சுதந்திரத்துக்காகப் போராடிய பிலிப்பினோக்களுக்கு எதிராக அமெரிக்கப் படை அடுத்த ஆண்டு யுத்தத்தில் இறங்கியது. அந்த யுத்தம் முடியும் முன்பே, 1901இல், வைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்துவிட்டது. பரீட்சகர் சபையொன்று அமைக்கப்பட்டது. அதன் அனுமதியின்றி வைத்தியம் செய்வது சட்டவிரோதமானது. துப்பாக்கிச் சத்தம் ஓய்வதற்கு முன்பே பரீட்சைச் சபை வந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1902இலிருந்து 1904 வரை பரவிய வாந்திபேதியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யுத்தமும் இடப்பெயர்வும் உணவுத் தட்டுப்பாடும் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று பேசுவதை விட, பிலிப்பினோக்களின் அசுத்தமான பழக்கவழக்கங்களைப் பற்றிப் பேசுவதே அமெரிக்கச் சுகாதார அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது. 1905 தொடக்கம் 1915 வரை சுகாதாரப் பணிப்பாளராக இருந்த விக்டர் ஹைசர் இந்த மனப்பாங்கின் முழு உருவம். சுகாதாரம் என்பது சுயாட்சிக்குத் தகுதி பெறுவதற்கான ஒரு நீண்ட பரீட்சையாக்கப்பட்டது. பரீட்சகர் எப்போதும் அமெரிக்கர். பெறுபேறு எப்போதும் 'இன்னும் போதாது'.

இந்தச் சூழலில் 1905இல் சட்டமியற்றப்பட்டு 1907இல் திறக்கப்பட்டதுதான் பிலிப்பைன் மருத்துவக் கல்லூரி. இது பின்னர் 1908இல் உருவான பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடமானது. 1910இல் பிலிப்பைன்ஸ் பொது வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆய்வுகூடம், பிரேத பரிசோதனை, நோயாளியின் கட்டிலருகே கற்றல் என்று அன்றைய அமெரிக்காவின் மிகச் சிறந்த மாதிரியை, குறிப்பாக ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மாதிரியைப் பின்பற்றியே இக்கல்லூரி அமைந்தது. இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பூட்டிக் கிடந்த கண்ணாடிப் பெட்டிகள் திறக்கப்பட்டன. அமெரிக்காவிலேயே தரங்குறைந்த மருத்துவக் கல்லூரிகள் டசின் கணக்கில் இருந்த காலத்தில், மணிலாவில் அவற்றை விட நல்ல கல்லூரி ஒன்று இயங்கியது. ஆனால் அது ஆங்கிலத்தில் இயங்கியது. தகாலோக்கு பேசும் நோயாளியிடமிருந்து, இலோக்கானோ பேசும் நோயாளியிடமிருந்து, விசாயா பேசும் நோயாளியிடமிருந்து பெற்ற நோய் விபரத்தை ஆங்கிலத்தில் எழுதப் பழகிய வைத்தியனின் அறிவு, அந்த நோயாளியின் ஊரை விட்டு வெளியேறத் தயாரான வடிவத்திலேயே அவனுக்குள் இறங்கியது.

இங்கே எங்கள் ஊரோடு தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. பிலிப்பைன்ஸ் கல்லூரிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இன்னொரு அமெரிக்க வைத்தியர் ஆசியாவில் மேலைத்தேய வைத்தியம் படிப்பித்துக்கொண்டிருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். முதலில் ஆங்கிலத்திலே படிப்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தமிழாக்கினார், ஆக்குவித்தார். அவர் சொன்ன காரணம் மொழிப்பற்று அல்ல. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள்தான் கிராமத்தில் தங்குவார்கள் என்பதே அவரது கணக்கு. மானிப்பாயில் ஒரு மிசனரிக்கு விளங்கிய கணக்கு, மணிலாவில் ஓர் அரசாங்கத்துக்கு விளங்கவில்லை என்று கொள்ள முடியுமா? அவர்களுடைய கணக்கு வேறு என்பதே சரியான விளக்கம். கிறீனின் ஏற்பாடும் அவர் போனபின் நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

குடியேற்ற ஆட்சியில் பிலிப்பினோக்கள் அமெரிக்க 'தேசத்தவர்'; பிரசைகள் அல்ல, ஆனால் அந்நியரும் அல்ல. 1934இல் சுதந்திரத்துக்கான கால அட்டவணையைக் கொடுத்த சட்டமே, அமெரிக்காவுக்குக் குடிபெயரக்கூடியவர் தொகையை ஆண்டுக்கு 50 என்று குறைத்தது. 1946இல் அது 100 ஆனது. ஆக, சுதந்திரம் கிடைத்தபோது கதவு ஏறக்குறையச் சாத்தப்பட்டிருந்தது. அப்படியானால் வைத்தியர்களும் தாதியரும் எந்த வழியால் போனார்கள்?

1948இல் வந்த பரிமாற்ற விருந்தினர் திட்டத்தின் வழியால். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பெருமையை உலகுக்குக் காட்டுவதற்காகப் பிற நாட்டு இளைஞர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்புவது இதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்க வைத்தியசாலைகள் மத்திய அரசின் பணத்தில் பெருகிக்கொண்டிருந்தன. உள்ளகப் பயிற்சிக்கான இடங்கள் அந்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் பட்டதாரிகளின் தொகையை மிஞ்சின. இரவுக் கடமைக்கும் விடுமுறைக் கடமைக்கும் ஆள் தேவை. பரிமாற்றம் என்ற பெயரில் ஆள் வந்தது. 1956இற்கும் 1969இற்கும் இடையில் மட்டும் இத்திட்டத்தில் போன பிலிப்பைன்ஸ் தாதியர் 11,000இற்கும் அதிகம் என்று கத்தரீன் செனிசா சோய் தமது நூலில் காட்டுகிறார். வைத்தியர்கள் 'பயிலுனர்' என்று அழைக்கப்பட்டார்கள். பயிலுனருக்குக் கொடுப்பது சம்பளமல்ல, உதவிப்பணம். பயிற்சிக்கும் வேலைக்கும் இடையிலுள்ள கோட்டை எங்கே கீறுவது என்று முடிவு செய்பவர் முதலாளியாக இருக்கும்போது அது எங்கே கீறப்படும் என்பதைத் தொழிற்சாலையில் வேலை செய்கின்ற எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வந்தவர்கள் எல்லாரும் போதிய பயிற்சி பெற்றவர்களா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. 1956இல் ஒரு சபை உருவாக்கப்பட்டது: வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான கல்விச் சபை, இ.சி.எப்.எம்.ஜி. என்ற எழுத்துக்களால் அறியப்படுவது. 1958 மார்ச்சில் அதன் முதற் பரீட்சை நடந்தது. அமெரிக்க மாணவர்களுக்கான தேசியப் பரீட்சகர் சபையின் வினாக்களிலிருந்து தெரிந்தெடுத்த பல்தேர்வு வினாக்கள். கூடவே ஆங்கிலப் பரீட்சை. இதில் சித்தியடையாதவர்கள் பயிலுனராக இருக்கமுடியாது என்ற விதி 1960 அளவில் இறுக்கப்பட்டது. அதுவரை இரவிரவாக நோயாளிகளைப் பார்த்தவர்களில் பலர் தோல்வியடைந்ததும் வைத்தியசாலைகள் பதறிப்போய்க் கால அவகாசம் கேட்டன.

1965இல் குடிவரவுச் சட்டம் மாறியது. நாட்டு வாரியான பழைய பங்கீடு ஒழிந்து, தொழில்வல்லுனர்களுக்கு முன்னுரிமை வந்தது. அதே ஆண்டில் முதியோருக்கும் வறியோருக்குமான அரச மருத்துவக் காப்புறுதிகளும் வந்தன. வைத்தியசாலைக் கட்டில்கள் நிறைந்தன. பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர் இரண்டாண்டுகள் தன் நாட்டில் போயிருந்த பின்பே குடியேற விண்ணப்பிக்கலாம் என்று இருந்த நிபந்தனையை 1970ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலானோருக்கு நீக்கியது. மடை அகலத் திறந்தது. 1972 செப்ரெம்பரில் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்ததும் வெளியேறுவதற்கான காரணங்கள் மேலும் கூடின. 1974இல் அவருடைய தொழிற் சட்டக்கோவை வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரச கொள்கையாகவே ஆக்கிவிட்டது.

பிறகு 1976. சுகாதாரத் தொழிற் கல்வி உதவிச் சட்டம் என்ற பெயரில், சாதுவாகத் தோன்றும் ஒரு சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. நாட்டில் வைத்தியர் பற்றாக்குறை இனி இல்லை என்று அச்சட்டமே பிரகடனம் செய்தது. வெளிநாட்டு வைத்தியர் விசா பெறுவதற்கு அமெரிக்க மாணவர்களின் தேசியப் பரீட்சைக்குச் சமமான கடுமையான பரீட்சையில் சித்தியடைய வேண்டுமென்றது. அதற்கென 1977இல் புதிய பரீட்சை வந்தது. 1984இல் இன்னொன்று. 1992இலிருந்து 1994 வரையில் இவை யாவும் யூ.எஸ்.எம்.எல்.ஈ. என்ற ஒரே பரீட்சையாகி, அமெரிக்கரும் அந்நியரும் ஒரே வினாத்தாளை எழுதும் நிலை வந்தது. 1998இல் மாதிரி நோயாளிகளை நேரில் பரிசோதித்துக் காட்டும் பரீட்சை வெளிநாட்டவருக்கு மட்டும் விதிக்கப்பட்டது. 2004இல் அமெரிக்கருக்கும் விரிந்தது. 2021இல் முற்றாகக் கைவிடப்பட்டது. இருபதாண்டுகளுக்கு மேலாக இன்றியமையாததாக இருந்த ஒரு தகுதி, ஒரு தொற்றுநோயின் பின் இல்லாமலே போயிற்று.

1975இல் மணிலாவில் பட்டம் பெற்றவருக்கும் 1978இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்றவருக்கும் இடையில் உடற்கூற்றியல் மாறிவிடவில்லை. ஆசிரியர்களும் பிரேத அறையும் மாறவில்லை. மாறியது நியூயோர்க்கிலும் சிக்காக்கோவிலும் இருந்த வெற்றிடங்களின் தொகை. பரீட்சையின் கடினம் அந்தத் தொகையோடு சேர்ந்து ஏறி இறங்கியது என்பதே இவ்வரலாற்றில் நான் காண்பது.

இதைக் கேட்டதும் நண்பர்கள் சிலர் ஆத்திரத்தோடு, 'அப்படியானால் பரீட்சையே சூழ்ச்சிதானா?' என்பார்கள். எங்கள் மத்தியில் இப்படியொரு இடதுசாரிக் குறுக்குவழி நெடுங்காலமாக உண்டு. அதற்குள் நுழைய முன்னர் பிலிப்பைன்ஸின் உள்நாட்டுப் பரீட்சையைப் பார்க்கவேண்டும்.

அங்கே வைத்தியராவதற்கு முதலில் ஒரு பட்டம், பிறகு நான்காண்டு மருத்துவக் கல்வி, அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதற்கும் பின்னால் அனுமதிப் பரீட்சை. 1959ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் இதன் அடித்தளம். உடற்கூற்றியல் தொடங்கிச் சட்ட மருத்துவம் வரை பன்னிரண்டு பாடங்கள். சராசரி 75 வேண்டும்; எந்தப் பாடத்திலும் 50இற்குக் கீழே போகக்கூடாது. முதல் பத்து இடங்களில் வந்தோரின் பெயர்கள் பத்திரிகைகளில் வெளிவரும், கல்லூரி வாசலில் பதாகை தொங்கும். யாழ்ப்பாணத்தில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளைக் கண்டவர்களுக்கு இது அந்நியமான காட்சியல்ல. 1985இல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதற்கே தேசிய நுழைவுப் பரீட்சை கட்டாயமானது. மூன்று தடவை தோற்றவர் நான்காம் தடவை எழுதமுடியாது என்ற விதியை எதிர்த்து ஒரு விலங்கியல் பட்டதாரி வழக்காடினார். 1989இல் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனக்கு விருப்பமான தொழிலை நாடும் உரிமை உண்டுதான், ஆனால் மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட தொழிலில் அது வரையறையற்ற உரிமை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1993 பெப்ரவரிப் பரீட்சையில் இன்னொன்று நடந்தது. ஒரே தனியார் கல்லூரியிலிருந்து சித்தியடைந்த 79 பேரின் புள்ளிகள் அதிகாரிகளைத் திகைக்க வைத்தன. உயிர் இரசாயனவியலில் 11 பேருக்கு நூற்றுக்கு நூறு. மகப்பேற்றியலில் 10 பேருக்கு நூற்றுக்கு நூறு. புள்ளிவிபரம் தெரிந்த ஒரு பாதிரியாரைக் கொண்டு ஆராய்ந்து பார்த்தபின் அவர்களைப் பதிவுசெய்ய ஆணையம் மறுத்தது. பதினொரு ஆண்டுகள் வழக்கு நடந்தது. பதிவுசெய்யும்படி ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2004இல் உயர் நீதிமன்றம் முடிவு சொன்னது. அந்த 79 பேரில் உண்மையாகவே படித்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் பதினொரு வருடமும் என்ன செய்தார்கள் என்பதைத் தீர்ப்பு சொல்வதில்லை.

ஆகவே பரீட்சை வேண்டும். என் பிள்ளையின் வயிற்றைத் திறக்கப்போகிறவர் ஏதோவொரு பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன். ஆனால் பரீட்சை நடுநிலையானது என்ற நம்பிக்கை வேறு. எங்கள் சமூகத்தில் இந்த நம்பிக்கை ஒரு மதம். 1970களின் தொடக்கத்தில் மருத்துவபீட அனுமதிக்குத் தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் என்று வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டபோது நாங்கள் அடைந்த கோபம் நியாயமானது. அதிலிருந்து ஒரு போராட்டத்தின் தலைமுறையே புறப்பட்டது. அந்தக் கோபத்தோடு கூடவே, புள்ளி என்பது மாசற்றது, அதைத் தொட்டதுதான் பாவம் என்ற எண்ணமும் எங்களுக்குள் ஊறிவிட்டது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஆய்வுகூடமே இல்லாத பாடசாலைப் பிள்ளையின் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் அன்று எங்களிடையே மிகக் குறைவு. பிலிப்பைன்ஸ் வரலாறு என்னை இக்கேள்விக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது. வினாத்தாள் ஒன்றாக இருக்கலாம். அதை எழுதுகிறவர் எந்த நோயாளியை மனதில் வைத்து எழுதுகிறார்?

என்னோடு பொதியிடும் பகுதியில் வேலை செய்யும் ஒரு பிலிப்பினோப் பெண் ஊரிலே வைத்தியர். முதியோரைப் பராமரிக்கும் விசாவில் இந்த நாட்டுக்கு வந்து, பிறகு எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தவர். பன்னிரண்டு பாடங்களையும் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். இங்குள்ள பரீட்சையின் மாதிரி வினாக்கள் அவருக்குக் கடினமாக இருக்கவில்லையாம், விசித்திரமாக இருந்தனவாம். எண்பது வயது நோயாளி, ஒரே நேரத்தில் ஒன்பது மாத்திரைகள், எந்த மாத்திரையை முதலில் நிறுத்துவது? அவர் கிராமத்தில் பார்த்த நோயாளிகளில் எண்பது வயதைக் கண்டவர் அரிது, ஒன்பது மாத்திரை வாங்கக்கூடியவர் அதனிலும் அரிது. அங்கே அவருக்கு வந்த கேள்வி வேறு: வைத்தியசாலைக்குப் படகு நாளைக்குத்தான், பிள்ளைக்கு வயிற்றோட்டம், என்ன செய்வது? அந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் இல்லை என்றார்.

அமெரிக்காவின் வைத்தியர் வாசல் ஒடுங்கியபோது தாதியர் வாசல் திறந்தே இருந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் ஆயிரக்கணக்கான வைத்தியர்கள் தாதியர் கல்லூரிகளில் மாணவராகச் சேர்ந்தார்கள். மாலை வகுப்புகள், வார இறுதி வகுப்புகள் வைத்தியர்களுக்கென்றே நடந்தன. தாதியர் கல்லூரிகளின் தொகை 400ஐத் தாண்டியது. 2004இல் வைத்தியர் பரீட்சையில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற இளைஞர், தான் அமெரிக்காவுக்குத் தாதியாகப் போகப்போவதாக அறிவித்தார். பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. வைத்தியரின் மூன்று பரீட்சைகளும் அதன்பின் பல ஆண்டு வதிவிடப் பயிற்சிக்கான போட்டியும் ஒருபுறம்; தாதியருக்கான ஒரே பரீட்சையும் குடும்பத்தோடு குடியேறும் உரிமையும் மறுபுறம். அந்த இளைஞன் கணக்குத் தெரிந்தவன், அவ்வளவுதான். 2006இல் நியூயோர்க் மாநிலத்தின் முதியோர் இல்லமொன்றில், வாக்களித்த நிபந்தனைகள் மீறப்பட்டதாகச் சொல்லி ஒரே நாளில் வேலையை விட்ட பத்துப் பிலிப்பைன்ஸ் தாதியர் மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களில் ஒருவர் அதே இளைஞர். 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கைத் தடுத்து நிறுத்தியது. அதற்கு அது துணைக்கு அழைத்தவற்றுள் ஒன்று, அடிமைத்தனத்தை ஒழித்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம்.

அந்த 2006இலேயே மணிலாவில் தாதியர் பரீட்சை வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிப் பெரும் ஊழலானது. குற்றமற்றவர்களும் அமெரிக்கா போவதற்காக இரண்டு பகுதிகளைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2007 ஓகஸ்டில் அமெரிக்கத் தாதியர் பரீட்சைக்கான நிலையம் மணிலாவிலேயே திறக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் நடுவே வேறு விதமாகச் சிந்தித்தவர்களும் அங்கே இருந்தார்கள். 1976இல், இராணுவச் சட்டத்தின் நடுவில், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் லெய்த்தே தீவில் ஒரு சுகாதார விஞ்ஞானக் கல்லூரியைத் தொடங்கியது. அதன் பாடத்திட்டம் ஓர் ஏணி. மாணவரைத் தெரிவு செய்வதில் அவருடைய கிராமத்துக்குப் பங்குண்டு. முதற்படியில் அவர் மருத்துவமாது. அப்பரீட்சையில் சித்தியடைந்து ஊருக்குப் போய் வேலை செய்யவேண்டும். ஊர் திரும்பவும் சிபாரிசு செய்தால் தாதியாகப் படிக்கலாம். பிறகு ஊர்ச் சேவை. பிறகு வைத்தியர். பாதியில் நின்றுவிட்டாலும் அவர் தோற்றவர் அல்ல. ஊருக்கு ஒரு மருத்துவமாதோ தாதியோ மிஞ்சுகிறார். இப்படி ஏறி வந்தவரும் கடைசியில் அதே பன்னிரண்டு பாடப் பரீட்சையைத்தான் எழுதுகிறார். பரீட்சையை ஒழிக்காமலே, அதற்கு முன்னால் உள்ள பாதையை மாற்றியிருக்கிறார்கள். அங்கு படித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாட்டை விட்டுப் போகவில்லை. 1994இல் சம்போவாங்காவிலும் ஊர் வைத்தியர்கள் சேர்ந்து, பெருமளவு சம்பளமில்லாமலே படிப்பிக்க முன்வந்து, ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதன் பட்டதாரிகளும் பெரும்பாலும் அப்பிரதேசத்திலேயே தங்கினர்.

இவற்றை வைத்து ஒரு சொர்க்கத்தை வரைந்துவிடக் கூடாது. இவை ஆண்டுதோறும் உருவாக்கும் வைத்தியர் தொகை சிறியது. பெரிய கல்லூரிகளின் திசையை இவை மாற்றவில்லை. 1993இல் சுகாதார அமைச்சர் ஹுவான் பிளேவியர் கிராமங்களுக்கு வைத்தியர்களை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு வைத்தியர்கூட இல்லாத நகராட்சிப் பிரிவுகள் 271 இருந்தன. லெய்த்தே கல்லூரி தொடங்கி அப்போது பதினேழு ஆண்டுகள். 2020 டிசெம்பரில்தான் மருத்துவ மாணவருக்கு முழுப் புலமைப்பரிசில் கொடுத்து, ஈடாக உள்ளூரில் சேவை கேட்கும் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. 2013 நவம்பரில் வீசிய பெருஞ்சூறாவளி லெய்த்தே கல்லூரியின் கட்டிடங்களைச் சிதைத்தது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றின் முதல் வாரங்களில், பிலிப்பைன்ஸ் அரசு சுகாதார ஊழியர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதைத் தற்காலிகமாகத் தடை செய்தது. அதே மாதத்தில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம், வேறு நாட்டில் அனுமதி பெற்ற வைத்தியர்களுக்கு அவசரகாலத் தற்காலிக அனுமதி வழங்க முன்வந்தது. நேற்றுவரை வதிவிடப் பயிற்சியில்லை, தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். 2023இல் டெனெசி மாநிலம், வெளிநாட்டில் பயிற்சி பெற்ற வைத்தியர் அமெரிக்காவில் மீண்டும் வதிவிடப் பயிற்சி செய்யாமலே வேலை தொடங்க வழிவிடும் சட்டத்தை நிறைவேற்றியது. வேறு மாநிலங்களும் அதே வழியில் சட்டமியற்றத் தொடங்கியுள்ளன. காரணமாக அங்கு சொல்லப்படுவது கிராமப்புறங்களில் வைத்தியர் பற்றாக்குறை. டெனெசியின் கிராமப்புறங்களில்.